சிவப்புத் துணி கட்டிய வியாழக்கிழமை

சமோவாவில் தட்டம்மை பரவிய 2019 டிசம்பரில் லாங்கிமைனாவுக்கு நோயைக் கண்டும் பயம், ஊசியைக் கண்டும் பயம். எது பெரிய பயம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் பிறந்தது பக்கத்துத் தீவான சவாயீயில். போன வருடம் அங்கேதான் தட்டம்மை ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் இரண்டு பச்சைக் குழந்தைகள் செத்துப்போயின. மருந்தைத் தப்பாகக் கலந்துவிட்டார்கள், தடுப்பு மருந்தில் குற்றமில்லை என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். லாங்கிமைனாவின் மனசு அதைக் கேட்கவில்லை. கணவன் இயோசுவா நியூசிலாந்துக்குப் பழத்தோட்ட வேலைக்குப் போயிருந்தான். இரண்டு வயது மகன் பெனியை இடுப்பைவிட்டு இறக்காமல் அவள் தனியாக இருந்தாள்.

பக்கத்து வீட்டில் இயோசுவாவின் அக்கா ஃபுவாதினோ. அந்தக் குடும்பத்துப் பயம் வேறு. 1918 நவம்பரில் கப்பலேறி வந்த விஷக்காய்ச்சலில் அவர்கள் வீட்டில் ஒரே ஒரு சிறுமி மட்டும்தான் மிஞ்சினாள். மற்றவர்களைப் பாயில் சுற்றி, வாழைத்தோட்டத்துக்குப் பின்னால் ஒரே குழியில் போட்டுக் கருங்கல்லைக் குவித்தார்கள். அந்தப் பக்கம் தேங்காய் விழுந்தால்கூட யாரும் போய் எடுக்கமாட்டார்கள்.

"அது பதினெட்டு, இது பத்தொம்பது. நூறு வருஷம் படுத்துக் கிடந்துட்டு மறுபடியும் எந்திரிச்சு வந்திருக்கு," என்பாள் ஃபுவாதினோ. "போன தடவ பெரியவங்கள வாரிட்டுப் போச்சு. இந்தத் தடவ குழந்தைங்கள."

ஊசி போடாதவர்கள் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டவேண்டும், யாரும் வெளியே நடமாடக்கூடாது, வண்டி ஓடக்கூடாது, வீடு தேடி வந்து போடுவார்கள் என்று அரசாங்கம் அறிவித்தது. வியாழக்கிழமை விடிந்ததும் ஃபுவாதினோ தன் பழைய பாவாடையைக் கிழித்து லாங்கிமைனாவின் வாசல் தூணில் கட்டினாள்.

"அக்கா, அவுத்துடுங்க."

"ஏன், வாசலுக்கு அழகா இல்லையா?"

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் என்ன, கல்யாணக் களையா இருக்கு?"

ஃபுவாதினோ அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து லாங்கிமைனா துணியை அவிழ்த்தாள். பெனியைத் தூக்கிக்கொண்டு வாழைகளுக்குள் நுழைந்தாள். யாரும் தேடி வராத இடம் ஒன்றுதான் இருந்தது. அந்தக் கற்குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

காற்றே இல்லை. கற்களின் இடுக்கிலிருந்து பல்லி ஓடினால்கூட அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தூரத்தில் ஊசிக்காரர்களின் வண்டிச் சத்தம் கேட்டது, நின்றது, சற்றுப் பொறுத்துக் கிளம்பிப் போனது. தப்பித்தோம் என்று மூச்சு விட்டாள். அப்போதுதான் தோளில் சாய்ந்திருந்த பெனியின் கன்னம் கழுத்தில் பட்டது. சுட்டது. வெயிலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நிழலில் உட்கார்ந்திருந்தது பிறகுதான் உறைத்தது.

"லாங்கி! அங்கதான் இருக்கியா?" ஃபுவாதினோவின் குரல் வாழைகளின் ஓரத்திலேயே நின்றது. "வெளிய வாடி. நான் அங்க வரமாட்டேன்."

"அக்கா... உடம்பு கொதிக்குது."

பிறகு சருகு மிதிபட்டது. வாயில் ஜெபத்தை முணுமுணுத்தபடி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஃபுவாதினோ கற்களைச் சுற்றி வந்தாள். பெனியின் நெற்றியைத் தொட்டாள். திட்டவில்லை. அதுதான் லாங்கிமைனாவை இன்னும் கலங்கடித்தது.

இருவரும் சாலைக்கு ஓடினார்கள். ஆள் அரவமில்லாத சாலை. வீட்டுக்கு வீடு சிவப்புத் துணி தொங்கியது. எதிரே வந்த போலீஸ் வண்டி நின்றது.

"வெளிய வரக்கூடாதுன்னு ரேடியோவுல கத்தறாங்களே, காது இல்லையா உங்களுக்கு?"

"காது இருக்கு. வண்டியில இடம் இருக்கா, அதச் சொல்லு," என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள் ஃபுவாதினோ.

அடுத்த ஊர் தேவாலயத்து வாசலில் ஊசிக்காரர்கள் இருந்தார்கள். நர்ஸ் பெனியின் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தாள். கன்னத்தின் உட்பக்கம் உப்புக்கல்லைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள்.

"இவனுக்கு இப்போ ஊசி போட்டுப் பிரயோஜனமில்ல. அம்மை உடம்புக்குள்ள வந்து சில நாளாச்சு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நீ போட்டிருக்கியாம்மா?"

லாங்கிமைனா தலையாட்டினாள், இல்லை என்று.

"போட்டுக்கறியா?"

அவள் ஃபுவாதினோவின் கையை நகம் பதியப் பற்றிக்கொண்டு, பெனி சாயாத மறு தோளைக் காட்டினாள். ஊசி இறங்கியபோது செத்துவிடுவோம் என்றே நினைத்தாள். ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் அதற்காகக் காத்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் கட்டிலுக்குக் கட்டில் குழந்தைகள் இருமின. பெனிக்கு மூச்சு விசிலடித்தது, உடம்பெல்லாம் சிவந்தது. ஒரு காலையில் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அந்தக் குழந்தையின் அம்மா விட்டுப்போன செருப்பு மட்டும் கீழே கிடந்தது. லாங்கிமைனா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. போனில் இயோசுவா அழுதான். அவள் அழவில்லை. கண்ணைத் துடைக்கும் நேரத்தில் பெனியின் மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் காய்ச்சல் இறங்கியது. பெனி கோகோ கேட்டான். ஃபுவாதினோ கரண்டி கரண்டியாக ஊட்டினாள்.

இடது காது மட்டும் போய்விட்டது. இப்போது கூப்பிட்டால் தலையைச் சாய்த்து, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறான். அவன் கொஞ்சம் இருமினால் போதும், லாங்கிமைனா கை வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவன் வாயைத் திறந்து பார்க்கிறாள்.