சூசையிடம் சொல்லாதே

வாப்பா கலிமா சொல்லியாயிற்று. இனி யாரும் வாப்பாவோடு கதைக்கக் கூடாதென்று சுஹைர் பெரியவாப்பா கையைத் தூக்கி அறை முழுவதையும் அடக்கினார். மௌத்தாகப் போகிறவரின் கடைசிப் பேச்சு கலிமாவாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வேறு வார்த்தை ஏதும் பேசிவிட்டால் மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும்; அதுவரை மூச்சு தாங்குமோ இல்லையோ, யார் கண்டது? வாப்பாவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்த ஜுமானா பஞ்சைப் பிடித்தபடியே நின்றாள். உம்மா தஸ்பீஹ் மணியைக்கூட உருட்டவில்லை.

வாப்பா தாஹிர் கண்ணைத் திறந்தார். தன் காக்கா சுஹைரைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்க்கவில்லை. மகளைத்தான் தேடினார். அந்தப் பார்வை ஜுமானாவுக்கு நன்றாகத் தெரியும். சிலாபத்துத் தியேட்டரில் படத்தின் இங்கிலீஷ் வேகம் பிடிக்கும்போதெல்லாம் அவர் அப்படித்தான் திரும்புவார். கீழே ஓடும் சிங்கள எழுத்தில் அவர் ஒரு வரியைக் கூட்டி முடிப்பதற்குள் மூன்று வரி போய்விடும். காதுக்குள் அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். பின்வரிசைக்காரர்கள் ஏசுவார்கள். தகப்பனும் மகளும் காதில் வாங்கிக்கொள்ளமாட்டார்கள்.

மூன்று படங்களையும் அப்படித்தான் பார்த்தார்கள். புத்தகமாக வந்து பிறகு படமான மாயக் கதை. கலையாத மூடுபனிக் கடல், அதற்குள் களவு போன பிள்ளைகள், பேசுகிற திமிங்கிலம். கடலிலேயே கிடந்து வருகிற மனிதருக்குக் காசு கொடுத்துப் பார்க்கவும் கடல்தானா என்று உம்மா கேலி செய்வார். மூன்றாம் படத்தின் முடிவில் தோணிக்காரக் கிழவன் பிள்ளைகளைத் தேடிப் பனிக்குள் போனான், திரும்பவில்லை. இங்கிலீஷ் பெயர் வாயில் நுழையாமல் எத்தாளை மீன்வாடிக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் அது. அன்றோடு வாடி இரண்டு கட்சியானது. கிழவன் செத்துவிட்டான் என்பது தாஹிர் கட்சி. அந்த மாதிரிப் பனிக்குள் விளக்கில்லாமல் போன எவன் திரும்பியிருக்கிறான்? உயிரோடு இருக்கிறான் என்பது சூசைப்பிள்ளை கட்சி. இருவருக்கும் ஒரே போட், யுத்தம் முடிந்து கடல் திறந்த வருஷம் சேர்ந்து வாங்கியது. வலை இழுக்கும்போதும் இதே வாக்குவாதம்தான். இவர்கள் கத்திய கத்தலில் மீன் எப்படி வலையில் நின்றதென்று மற்றவர்கள் ஆச்சரியப்பட்டார்கள்.

நாலாம் படம் அடுத்த வருஷம் வரும். மகள் கடைசிப் புத்தகத்தை வாசித்து முடித்துவிட்டாள் என்று தெரிந்ததும் தாஹிர் அவளை மிரட்டி வைத்தார்: படம் வரும்வரை மூச்சு விடக் கூடாது. அவளும் விடவில்லை. சோறு போடும்போது அவர் முகத்தை நேரே பார்ப்பதைக்கூடத் தவிர்த்தாள்.

இப்போது அவரே கேட்டார். வாய் திறக்கவில்லை. புருவம் மட்டும் ஏறி நின்றது, தியேட்டரில் நிற்பதுபோல.

அடுத்த வருஷம் அவருக்கு இல்லை. சொல்லாவிட்டால் தெரியாமலே போய்விடுவார். சொன்னால் ஏதாவது பேசிவிடுவார், கலிமா கடைசிப் பேச்சாக இராது. எதைச் செய்தாலும் அது காலத்துக்கும் தன்னைப் பிடித்துத் தின்னும் என்று ஜுமானாவுக்குத் தெரிந்தது. வாப்பா கண்ணை எடுக்கவில்லை. அவள் குனிந்தாள்.

"மகள், வேணாம்," என்றார் பெரியவாப்பா.

அவள் வாப்பாவின் காதில் வாயை வைத்து முடிவைச் சொன்னாள். என்ன சொன்னாள் என்பது இங்கே வேண்டாம். படத்துக்குக் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தாஹிர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். பிறகு, அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி, தெளிவாகச் சொன்னார்:

"சூசைட்ட சொல்லாத."

பெரியவாப்பாவின் முகம் கறுத்தது. ஜுமானாவைத் தள்ளிவிட்டு அவர் கட்டிலோடு முழங்காலிட்டார். கலிமாவைச் சொன்னார். மறுபடி சொன்னார். தாஹிரின் மூச்சு போய், வெகுநேரம் கழித்துத் திரும்பியது. உம்மா சீலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டார். யா அல்லாஹ், இன்னும் ஒரு மூச்சுக் கொடு என்று ஜுமானா சுவரோடு ஒட்டி நின்று கெஞ்சினாள். கடைசியில் உதடு அசைந்தது. சத்தம் மெல்லியதுதான், ஆனால் முழுக் கலிமாவும் வந்தது. வலக்கைச் சுட்டுவிரலும் உயர்ந்தது. விரல் விழுந்தபோது மூச்சும் நின்றிருந்தது.

மாலை அஸர் தொழுகைக்குள் அடக்கம் என்று முடிவானது. மையித்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றுவதற்குள், அறைக்குள் விழுந்த அந்தச் சொல் முற்றத்துக்குப் போய்விட்டது. தாஹிர் சாகும்போது சூசையிடம் எதையோ மறைக்கச் சொன்னாராம். போட் விஷயமாக இருக்கும் என்றார் ஒருவர். வேறென்ன, கூட்டுத் தொழிலில் இல்லாத கள்ளமா என்றார் இன்னொருவர். பெரியவாப்பா ஜுமானாவைக் குசினிக்குள் மறித்துக்கொண்டு, சூசை என்ன துரோகம் செய்தான் என்று கேட்டார். படக் கதை பற்றித்தான் என்று அவள் அழுதுகொண்டே சொன்னதை அவர் நம்பவில்லை.

"சக்ராத்துல, மூச்சு இழுத்துக் கிடக்கிற மனுசன் படக் கதையா கதைக்கும்? ஆருக்குச் சொல்ற?"

விடிய சுபஹிலிருந்து சூசைப்பிள்ளை தென்னைக்கடியில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கதிரைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. தேத்தண்ணித் தட்டம் அவரைத் தாண்டிப் போனது. போட்டைத் தான் பார்த்துக்கொள்வதாக எழும்பி வந்து சொன்னபோது, அது குடும்பத்து ஆட்கள் பேச வேண்டியது என்று பெரியவாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் விஷயத்தை அவர் காதிலும் போட்டுவிட்டான்.

அவர் குசினி வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"மகள், எனக்கு ஒளிக்க அவனுக்கு என்ன இருந்திச்சு?"

கடலில் முரடன் என்று பெயரெடுத்த மனிதர். தாடை நடுங்குவதைக் கையால் பிடித்து மறைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பெரியவாப்பாவும் வந்து நின்றதை ஜுமானா கண்டாள்.

"தோணிக்காரக் கிழவன், மாமா. வாப்பா கேட்டார், முடிவைச் சொன்னன். உங்கட்ட மட்டும் சொல்ல வேணாமாம். நீங்க படத்திலதான் பாக்கோணும் எண்டு."

சூசைப்பிள்ளை அவளையே பார்த்தார். வாய் திறந்தது. அவர் கேட்கப்போவது என்னவென்று அவளுக்குத் தெரியும்: முடிவைக் கேட்டதும் தாஹிர் முகம் எப்படி இருந்தது? அதற்கு அவள் ஒரு சொல் சொன்னாலும் போதும், கண்ணைப் பார்த்தாலே போதும், யார் கட்சி ஜெயித்ததென்று அவருக்குத் தெரிந்துவிடும். ஜுமானா சட்டென்று அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்த இங்கிலீசு எனக்கும் விளங்காது," என்றார் சூசைப்பிள்ளை. "படம் வந்தா எனக்கும் சொல்லித் தருவியா?"

அவள் திரும்பாமலே தலையாட்டினாள்.

மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கும்போது பெண்கள் உள்ளே நின்றார்கள். ஜுமானா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முன் பக்கம் தோள் கொடுக்கக் குனிந்த சுஹைர் பெரியவாப்பா நிமிர்ந்து, தென்னைப் பக்கம் பார்த்து, "சூசை, வாங்க," என்று விலகி நின்றார்.

மணல் ஒழுங்கையில் சந்தூக்கு போனது. சூசைப்பிள்ளை தோளில் தாங்கியபடி அதன் பக்கமாகத் தலையைச் சாய்த்துத் திருப்பம் வரை எதையோ சொல்லி வாதாடிக்கொண்டே போனார். ஜுமானா முக்காட்டுத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.