வலது மடிப்பு மேலே

ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமையும் அதுவுமாய் கலகெதரவிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த மரியபுஷ்பத்துக்கு, கண்டியில் அந்த ஜப்பான் மொழி வகுப்பின் மூன்று மாடிப் படிகளைப் பார்த்ததுமே கண்ணைக் கட்டியது. கையில் பன்னிரண்டு ஈஸ்டர் முட்டைகள். வெங்காயத் தோலோடு அவித்துச் சிவப்பேற்றி, வெள்ளைப் பெயின்டால் பூப் போட்டவை.

அவளுக்கு வயது முப்பத்தொன்பது. ஜப்பானுக்கு வேலையாள் தெரிவு செய்யும் முதியோர் இல்லம் நாற்பதுக்கு மேல் எடுக்காது. நேர்முகத் தேர்வில் இரண்டு தடவை தோற்றாயிற்று. இதுவும் கைவிட்டால் மறுபடி கார்மென்ட்டில் தையல்தான். நினைத்தாலே முதுகு வலித்தது.

அந்த இல்லத்துக்கு ஆள் எடுக்க ஜப்பானிலிருந்து வந்திருந்த மொரிதா அம்மையார் முன்னால் ஒவ்வொருவரும் கிமோனோவைத் தாமே கட்டிக்கொண்டு, தங்கள் வீட்டுப் பண்டிகை ஒன்றைப் பற்றி ஜப்பான் மொழியில் சொல்லவேண்டும். மரியபுஷ்பம் சுடிதாருக்கு மேலேயே மளமளவென்று கட்டி முடித்தாள். அம்மையாரின் முகம் சுருங்கியது.

"என்னம்மா இது! இடதுதான் மேல வரணும்னு எத்தனை தரம் சொன்னேன்? வலதை மேல போடுறது பொணத்துக்கு!" என்று பல்லைக் கடித்தார் வகுப்பெடுக்கும் ராஜலிங்கம் சேர்.

பதினொரு வருசம் பெண்கள் சட்டை தைத்தவள். அதில் வலதுதான் மேலே வரும். மூளை படித்ததைக் கை கேட்டால்தானே! அவிழ்த்துக் கட்டவும் தெம்பில்லை. வெட்கப்படக்கூட அலுப்பாக இருந்தது. போனது போகட்டும் என்று அப்படியே ஒரு முட்டையை எடுத்து நீட்டி, தெரிந்த நாலு சொல்லில் சொன்னாள்: "இது கல்லறை. உள்ளே உயிர். நாளைக்கு இயேசு எழும்புவார்."

அம்மையார் முட்டையை வாங்கிக்கொண்டார். அவள் உடுப்பின் மடிப்பைப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் என்னவோ கேட்டார்.

சேர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அவங்க இல்லத்துல மாசம் ரெண்டு மூணு பேர் தவறிடுறாங்களாம். கடைசி உடுப்புப் போட்டுவிட யாரும் முன்னுக்கு வாறதில்லையாம். பொண உடுப்போடயே நின்னு உயிரைப் பத்திப் பேசினீங்களே, நீங்க செய்வீங்களான்னு கேக்குறாங்க."

இவ்வளவு தூரம் போய்ப் பிணத்துக்கு உடுத்திவிடவா? மறுபடி அந்த மெஷின் முன்னால் போய்க் குந்தவா?

"செய்றேன்னு சொல்லுங்க சேர்," என்றாள் மரியபுஷ்பம். "இப்ப கொஞ்சம் உக்காரலாமான்னும் கேளுங்க."