சிம்பாங் பூலாய் இறக்கம்

ரப்பர் ஷீட் நசுக்கும் உருளைகளுக்கு இடையில் சன்னாசியின் வலது கை மணிக்கட்டு வரை போய்விட்டது. எந்திரத்தை நிறுத்தி, உருளையைப் பின்னோக்கிச் சுற்றி எடுத்தார்கள். எடுத்ததைத் துணியில் சுற்றி, முழங்கைக்கு மேலே கயிறு போட்டு இறுக்கினார்கள். ஆஸ்பத்திரி ஈப்போவில்தான்; தோட்டத்து லாரி காலையிலேயே அங்கே போயிருந்தது. தோட்டத்துத் துரை பினாங்கில் இருந்தார். கொட்டகையில் துரையின் புதுக் கார் மட்டும் நின்றது.

அந்தக் காரின் டிரைவர் பிச்சைமுத்து. சன்னாசி அவனுடைய மனைவி இருளாயியின் அண்ணன். பிச்சைமுத்து யாரிடமும் கேட்காமல் கொட்டகைக் கதவைத் திறந்தான். ஆபீஸ் சன்னலில் நின்ற கணக்கெழுதும் கிராணி அவனைப் பார்த்தார். பிறகு சன்னலைச் சாத்திக்கொண்டார். அது சம்மதமா இல்லையா என்று யோசிக்க நேரமில்லை.

வண்டியின் நான்கு சக்கரங்களிலும் வழவழப்பான டயர்கள் இருந்தன. ஈப்போவில் நடக்கவிருந்த வேகப் பந்தயத்துக்காகத் துரை போடச் சொன்னவை. காய்ந்த தார் ரோட்டில் அவை பறக்கும். வெளியே மத்தியானத்திலிருந்து மழை. மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வரை செம்மண் பாதை. நனைந்த செம்மண்ணில் இந்த டயர் சோப்புக்கட்டி.

"ஏங்க, ஏறுங்க. சக்கரத்த என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் இருளாயி.

"எல்லாம் வழுக்குற லிச்சின் டயர். இதோட எறங்குனா மூணு பேருக்கும் சேத்து ஒரே குழிதான்."

"அண்ணனுக்கு ரத்தம் நிக்கலங்க."

"பின்னாடி ரெண்ட மட்டும் மாத்திடுறேன்."

அந்தக் காலத்துக் கார்களில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். பிடிக்க வேண்டியவை அவைதான். சுவரில் மாட்டியிருந்த பழைய சக்கரங்களில், கட்டம் கட்டமாக வெட்டிய டயர் போட்ட இரண்டை இறக்கினான். சக்கரத்தின் நடுவிலிருந்த பெரிய மறையைச் சுத்தியலால் தட்டினால் சக்கரம் கழன்றுவிடும். கழன்ற இடத்தில் பிரேக் வளையம் பளபளவென்று இருந்தது. நேற்று ஆயுத பூசைக்குக் கழுவிய பளபளப்பு என்று எண்ணிக்கொண்டான். மறையை முடுக்கினான்.

சன்னாசியை முன்னிருக்கையில் உட்காரவைத்தார்கள். பின்னால் மூடியைத் தூக்கினால் ஒருவர் உட்காரும் இடம் உண்டு. இருளாயி அதில் ஏறிக்கொண்டாள்.

"தொர கார்ல ஏற ஒரு கையையே குடுக்க வேண்டியதாப் போச்சே, மாப்ள" என்றான் சன்னாசி. உதடு வெளுத்திருந்தது.

"சும்மா இரு மச்சான்."

"தோல் சீட்டு. ரத்தம் பட்டா ஒன்னயத்தான் ஒதைப்பான்."

இறக்கத்தில் பிச்சைமுத்து பிரேக்கைத் தொடவில்லை. கீழ் கியரில் போட்டு எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி விட்டான். ஈர மண்ணில் சக்கரத்தைச் சுற்றவிடாமல் நிறுத்தினால் அது சக்கரமாக இருக்காது, சறுக்குப் பலகையாகிவிடும். தொட்டே ஆக வேண்டுமென்றால் வளைவுக்கு முன்னால், நேரான இடத்தில், லேசாக. இதையெல்லாம் கால் அறியும். முதல் வளைவு போயிற்று. அடுத்ததும் போயிற்று. பின் டயர்கள் மண்ணைக் கவ்வுவது முதுகில் தெரிந்தது. மாற்றியது நல்லதாயிற்று என்று நினைத்தான்.

அதற்கடுத்த வளைவுக்கு அப்பால், பாதி ரோட்டை மறித்துக்கொண்டு ஒரு ரப்பர் மரம் விழுந்து கிடந்தது.

நேரான இடத்திலேயே லேசாக மிதித்தான். மிதி கீழே போனது. வண்டி கேட்கவில்லை. அழுத்தி மிதித்தான். கைப்பிரேக்கை இழுத்தான். எதுவும் பிடிக்கவில்லை. நல்லெண்ணெய் காயும் வாசனை வந்தது, பக்கத்தில் யாரோ அடுப்பில் சட்டி வைத்திருப்பதுபோல. கியரை இன்னும் கீழே தள்ளினான். பல்சக்கரங்கள் அலறின. மரம் நெருங்கியது. இடது சக்கரங்களை மலைப்பக்கத்து மழைத்தண்ணீர்க் கானில் இறக்கினான். மட்கார்டு மண்சுவரை உழுதுகொண்டே போய், மரத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வண்டி நின்றது.

இறங்கிப் போய்ப் பின் சக்கரத்துக்குள் விரலை விட்டு எடுத்தான். முகர்ந்தான்.

"இதுல எண்ண தடவுனது யாரு?"

இருளாயி பின்னிருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நேத்து பூசைக்கு... நாந்தான். எல்லாத்தையும் தொடச்சிப் பொட்டு வச்சேன். அது மட்டும் துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. நல்லா சுத்தட்டுமேன்னு சுத்தி ஊத்துனேன்."

பிச்சைமுத்து விரலைச் சேற்றில் தேய்த்துத் துடைத்தான். பூசைக்கு வண்டியை அவளிடம் விட்டுவிட்டுக் கள்ளுக்கடைக்குப் போனவன் அவன்தான். ரப்பர் பால் வெட்டும் கத்திக்கும் எண்ணெய், மண்வெட்டிக்கும் எண்ணெய். இந்த ஒன்றுக்குக் கூடாது என்று அவளிடம் யார் சொன்னது? வளையத்தைச் சுற்றிய பட்டை எண்ணெயைக் குடித்து ஊறியிருந்தது. கழற்றிப் பெட்ரோலில் அலசிக் காயவைக்க அரை நாள் வேண்டும். சன்னாசியின் மடியில் துணியைத் தாண்டி ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

கீழே இருந்ததுதான் பெரிய இறக்கம். ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கமும் பள்ளம். உரசி நிற்க மண்சுவர் இல்லை. அடியில் ஆற்றுக்கு மேல் பலகைப் பாலம். கியரை மட்டும் நம்பி இறங்கினால் பாலத்துக்கு முன்பே வண்டி அவன் கையை விட்டுப் போய்விடும்.

"மாட்டு வண்டிக்காரன் என்னா செய்வான் இங்க?" என்றான் சன்னாசி, கண்ணைத் திறக்காமல்.

இறக்கத்தில் வண்டிக்குப் பின்னால் ஒரு கட்டையைக் கட்டி இழுத்துப்போவான். பிச்சைமுத்து விழுந்த மரத்தைப் பார்த்தான்.

முறிந்து கிடந்த கிளை ஒன்று கவட்டை போலப் பிரிந்திருந்தது. அவனும் இருளாயியும் இழுத்து வந்தார்கள். வண்டியில் கிடந்த வடக்கயிற்றால் அதைப் பின்னச்சில் கட்டினான். வண்டியைக் கானிலிருந்து ஏற்றி, மரத்தைச் சுற்றிக் கொஞ்சம் உருளவிட்டுப் பார்த்தான். கிளை சேற்றின் மேல் எளிதாக வழுக்கிக்கொண்டு வந்தது.

"கனம் பத்தல."

இருளாயி சேலையைக் கொசுவி இடுப்பில் செருகினாள். கவட்டைக்குள் போய் உட்கார்ந்து, குதிகாலை மண்ணில் ஊன்றிக்கொண்டாள்.

"எந்திரி புள்ள. பைத்தியமா ஒனக்கு? இப்படியே போனா தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவணும்."

"மொதல்ல அண்ணன ஈப்போவுக்குக் கொண்டு போங்க. அப்புறம் என்னயக் கொண்டு போலாம்." கயிற்றை மணிக்கட்டில் சுற்றப் போனாள்.

"சுத்தாத. சும்மா புடி. விழுந்தா கை விடணும்."

"விடமாட்டேன்லா."

அவன் வண்டியில் ஏறினான். சன்னாசியைத் தோளைப் பிடித்துப் பின்பக்கம் திருப்பி உட்காரவைத்தான். "மச்சான், அவளயே பாத்துக்கிட்டு இரு. நான் திரும்ப முடியாது."

வண்டி இறங்கியது. கயிறு விறைத்தது. பின்னால் கிளை செம்மண்ணைக் கீறும் சத்தம் தொடர்ந்து வந்தது. வண்டி அதற்குக் கட்டுப்பட்டது, பாதி மனதோடு.

"இருக்காளா?"

"இருக்கா. மூஞ்செல்லாம் சேறு."

"இப்ப?"

"ஏதோ திட்டுறா. ஒன்னயத்தான்னு நெனைக்கிறேன், மாப்ள."

பாதி இறக்கத்தில் முன் சக்கரங்கள் வழுக்கின. வண்டியின் மூக்கு வலது பள்ளத்தைப் பார்த்துத் திரும்பியது. கால் பழக்கத்தில் பிரேக்குக்குப் போயிற்று. இழுத்துக்கொண்டான். மூக்கு போன பக்கமே ஸ்டீரிங்கைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தான். கிளை பின்னாலிருந்து இழுத்தது. வண்டி யோசித்து, நேரானது.

"இருக்காளா?"

பிச்சைமுத்து குரலை உயர்த்தினான்.

"மச்சான். இருக்காளா?"

மயங்கிய சன்னாசியின் தலை பிச்சைமுத்துவின் தோளில் விழுந்தது. பின்னால் கீறும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கிளை மட்டும் வந்தாலும் அந்தச் சத்தம் வரும். முன்பைவிட லேசாகக் கேட்கிறதா? லேசாகத்தான் கேட்பதுபோல் இருந்தது. இல்லை, ஆற்றின் இரைச்சல் கூடியிருந்தது. திரும்பிப் பார்த்தால் கை திரும்பும். கை திரும்பினால் பள்ளம். அவன் பாலத்தின் நடுப்பலகை ஒன்றையே பார்த்துக்கொண்டு வந்தான்.

முன் சக்கரங்கள் பலகையில் ஏறித் தடதடத்தன. பிறகு பின் சக்கரங்கள். கிளை பாலத்தின் விளிம்பில் மாட்டியது. கயிறு ஒருமுறை அதிர்ந்தது. வண்டி நின்று, எஞ்சினும் நின்றது.

தண்ணீர் பலகைகளுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. சன்னாசியின் மூச்சு அவன் கழுத்தில் சூடாகப் பட்டது. ஸ்டீரிங்கிலிருந்து விரல்கள் பிரிய மறுத்தன. பாலத்துக்கு அப்பால் சமதளமான ரோடு, சிம்பாங் பூலாய்க் கடைகளின் தகரக் கூரைகள்.

அவன் திரும்பவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் இல்லை.

இருக்கை மெல்ல ஆடியது. நின்றது. மறுபடியும் ஆடியது. பின்னச்சில் ஈரத்தில் இறுகிப்போன முடிச்சை யாரோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள், ஏதோ திட்டிக்கொண்டே.