ஒரு மணிக்கு கேன்டீன் பக்கம் போகாதே

கல்லூரியில் எப்படிப் பிழைப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் என் மகள். சிரிக்காதீர்கள். அவள் மூன்றாம் ஆண்டு, நான் முதலாம் ஆண்டு. கல்லூரி ஒன்றுதான், பாடமும் கட்டடமும்தான் வேறு வேறு.

சின்ன வயதில் நான் சேர்ந்த படிப்பு, இவள் வயிற்றில் வந்ததும் பாதியில் நின்றுபோனது. அதன் பிறகு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. கையை நீட்டச் சொல்லி, நரம்பைத் தடவிக் கண்டுபிடித்து, ஊசி குத்தி, ரத்தத்தைக் குழாயில் பிடித்துப் பெயர் ஒட்டி அனுப்புவேன். அதைச் சோதித்து முடிவு சொல்கிற உள்ளறைக்குப் போக வேண்டுமானால் பட்டம் வேண்டும். எனக்குப் பின்னால் வேலைக்கு வந்ததுகளெல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே போய் உட்கார்ந்தன. எனக்கு ஏற்கெனவே மூக்கு நுனியில் கோபம். ஒரு நாள் அந்தக் கோபத்தோடேயே போய் விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தேன். இடம் கிடைத்ததும் ஆஸ்பத்திரியில் விடிகாலை ஷிஃப்டாக மாற்றி வாங்கிக்கொண்டேன்.

லாரி ஓட்டப் போயிருந்த என் வீட்டுக்காரர் போனில் கேட்டுவிட்டு, "படி, யாரு வேணாங்கறா? ஆனா உங்க ரெண்டு பேர் சண்டைக்கு என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடாதீங்க" என்றார். மனிதர் முன்கூட்டியே கழன்றுகொண்டார்.

பட்டம் ஒரு பக்கம். எனக்கு உள்ளுக்குள் இன்னொரு ஆசை இருந்தது. கேன்டீனில் மகளுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு வேளையாவது சாப்பிட வேண்டும். அவள் தன் தோழிகளிடம் என்னைக் காட்டி, "எங்க அம்மா" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. இதை அவளிடம் சொல்லவும் சொன்னேன். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவள், "அதுக்கென்னம்மா, சாப்பிட்டா போச்சு" என்றாள்.

அந்த வாரம் முழுக்க எனக்குப் பாடம் நடந்தது. நான் தேய்ப்பேன், அவள் துடைப்பாள், துடைத்துக்கொண்டே உபதேசம்.

"முன் பெஞ்சுல உக்காராத. உக்காந்தா பிள்ளைங்க உன்னை வாத்தியார் ஆளுன்னு ஒதுக்கிடுவாங்க. ரெண்டாவது வரிசைல உக்காரு. வாத்தியார் கண்ணும் படும், பேச நாலு பேரும் கிடைப்பாங்க."

"கேள்வி கேட்டா சிரிப்பாங்களோ?"

"சிரிச்சா சிரிக்கட்டும். புரியாததை பரீட்சை வரைக்கும் மூட்டை கட்டித் தூக்கிட்டுத் திரியாத. அந்த வாரமே அவங்க ரூமுக்குப் போய்க் கேளு. மொட்டையா 'புரியல'ன்னு நிக்காத. எது வரைக்கும் புரிஞ்சுதுன்னு சொல்லு, அப்பதான் அவங்களுக்கும் சொல்லித்தர மனசு வரும்."

அவள் சொல்வதை வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். வகுப்பில் எழுதியதை அன்றைக்கே மூடி வைத்துவிட்டு ஒரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும். தனியாக முட்டி மோதாமல் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து படிக்க வேண்டும். அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் நமக்கே ஏறும். படிப்பு மட்டும் என்று இருந்தால் கல்லூரி இன்னொரு ஆஸ்பத்திரி ஆகிவிடும், அதனால் ஏதாவது ஒரு குழுவில் சேர வேண்டும்.

"உனக்குச் செடி வளக்கிற குழு சரியா இருக்கும்மா. வியாழக்கிழமை சாயங்காலம். லைப்ரரில மூணாவது மாடிக்குப் போயிடு, கீழ ஒரே அரட்டை. பஸ்ஸுக்கு பின் கேட்டுக்கு வா, முன் கேட்டுல கூட்டம் உன்னை ஏறவே விடாது. அப்புறம் சாப்பாடு, கேன்டீன் திறந்ததும் பதினொண்ணரைக்கே முடிச்சுடு. ஒரு மணிக்கு அந்தப் பக்கமே போகாத. நசுங்கிடுவ."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊசிக்குக் கண்ணை மூடிக்கொண்டவர்களிடமெல்லாம் என் மகள் சொன்ன யோசனைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களுக்கும் வேறு வழியில்லை, கை என் பிடியில் இருந்தது.

அவள் சொன்னதில் ஒன்றைக்கூட நான் தட்டவில்லை. பலனும் கிடைத்தது. இரண்டாவது வரிசையில் மூன்று பிள்ளைகள் ஒட்டிக்கொண்டார்கள். ரத்தம் எடுக்கிறவள் என்று தெரிந்ததும் "ஊசியக்கா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். மூன்றாவது மாடியில் நான்கு பேரும் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பாடம் நடத்தினோம். வியாழக்கிழமை தோறும் தொட்டிகளுக்கு மண் மாற்றினேன். முதல் பருவத் தேர்வில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தபோது, மகளைக் கட்டிப்பிடித்து, "எல்லாம் உன்னால" என்றேன். அவள் என் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

சேர்ந்து சாப்பிடுவது மட்டும் நடக்கவே இல்லை. "உனக்குப் பதினொண்ணரைன்னா எனக்கு லேப். எனக்கு ஒரு மணின்னா நீ நசுங்கிடுவ. ஒத்தே வர மாட்டேங்குதும்மா" என்று உதட்டைப் பிதுக்குவாள். பாவம், பிள்ளைக்கும் வருத்தம்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை என்னை ஆட்டிவைத்துவிட்டது. நரம்பு கிடைக்கவில்லை, கிடைத்தால் கையை இழுத்துக்கொள்கிறது, அதன் அப்பா வேறு கூடவே அழுகிறார். முடித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்து சேரும்போதே மதியமாகிவிட்டது. ஒரு வகுப்பை முடித்துக்கொண்டு வெளியே வந்தால் பசி வயிற்றைக் கிள்ளுகிறது. நசுங்கினால் நசுங்குவோம் என்று ஒரு மணிக்குக் கேன்டீனுக்குப் போனேன்.

பாதி மேஜைகள் காலியாகக் கிடந்தன.

தட்டை வாங்கிக்கொண்டு திரும்பினால் ஜன்னலோரம் என் மகள். பக்கத்தில் இரண்டு பெண்கள், ஒருத்தி கண்ணாடி போட்டவள், இன்னொருத்தி நல்ல நெட்டை. என் மகள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ காலமாகிறது. என் கால்கள் தானாக அங்கே போயின.

என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. சட்டென்று எழுந்து நின்றாள்.

"வாங்க ஆன்ட்டி."

யாரையோ கூப்பிடுகிறாள் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கே சுவர்தான் இருந்தது.

"எங்க வீட்டு மாடில குடியிருக்காங்கடி" என்று அவர்களிடம் சொன்னாள். "இங்கதான் ஃபர்ஸ்ட் இயர் படிக்கறாங்க."

கண்ணாடிக்காரி தங்கமான பெண். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இந்த வயசுல படிக்க வந்தீங்களே, பெரிய விஷயம் ஆன்ட்டி. அப்ப இவங்க அம்மாவ உங்களுக்கு நல்லாத் தெரியுமே? பெரிய டாக்டராமே! மூணு வருஷமா கண்ணுல காட்டுடின்னு கேக்கறோம். ஆபரேஷன், அவசர கேஸுன்னு தண்ணி காட்டிட்டே இருக்கா."

என் மகள் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்மா" என்றேன். "ரொம்ப வேலை அவங்களுக்கு."

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. நான்கு வாய் விழுங்கினேன். வகுப்பு இருக்கிறது என்று எழுந்துவிட்டேன்.

அன்றைக்கு முன் கேட்டுக்குப் போனேன். கூட்டமும் இல்லை, நெரிசலும் இல்லை. மர நிழலில் பெஞ்சு போட்டிருந்தது, பஸ்கள் காலியாக வந்து நின்று போயின. சற்று நேரத்தில் என் மகள் தோழிகளோடு அங்கே வந்தாள். என்னைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போனாள். வீட்டில் அவள் தோழிகளோடு போனில் பேசி என் காதில் விழுந்ததையெல்லாம் சேர்த்துப் பார்த்தேன், அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. முன் கேட்டு அவர்களுடையது, அதனால் எனக்குப் பின் கேட்டு. லைப்ரரியின் கீழ்த்தளம் அவர்கள் உட்காருகிற இடம், அதனால் நான் மூன்றாவது மாடி ஏறினேன். வியாழக்கிழமை சாயங்காலம் அவர்கள் முற்றத்துப் படிகளில் கூடுகிற நேரம், அதனால் நான் கட்டடத்துக்குப் பின்னால் மண் கிளறினேன். கல்லூரியில் தான் இல்லாத மூலைகளாகப் பொறுக்கியெடுத்து என்னை அங்கே அடைத்து வைத்திருக்கிறாள்.

யோசனைகள் தப்பாக இருந்திருந்தாலாவது வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்திருப்பேன். எல்லாமே நல்ல யோசனைகள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வீட்டில் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தேன்.

"யாருடி அந்த டாக்டரு?"

"அம்மா, கத்தாத."

"நான் எங்கடி அம்மா? மாடி வீட்டு ஆன்ட்டிதானே? வாடகை ஒழுங்காக் குடுக்கறேனா?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். முதல் வருடம் முதல் வாரத்தில், அம்மாவுக்கு எங்கே வேலை என்று தோழிகள் கேட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் என்றிருக்கிறாள். டாக்டரா என்றிருக்கிறார்கள். இவள் இல்லை என்று சொல்லவில்லை.

"அவ்வளவுதாம்மா. தலையாட்டினேன். அப்புறம் அதுவே வளந்துடுச்சு. நீ வேற திடீர்னு அங்கயே வந்து சேந்துட்ட. டாக்டர் யாராவது ஃபர்ஸ்ட் இயர் வந்து உக்காருவாங்களா? நான் என்ன பண்ணுவேன்?"

"அதுக்கு என்னை ஊரைச் சுத்த விட்டியா?"

"நான் சொன்னதுல உனக்கு என்ன நஷ்டம்? மார்க் வந்துச்சா இல்லையா? ஊசியக்கா ஊசியக்கான்னு உன் பின்னாடி சுத்துறாங்களா இல்லையா?"

"வந்துச்சு. சுத்துறாங்க."

"அப்புறம் என்னம்மா?"

அப்புறம் என்ன என்று கேட்கிறாளே, என்னவென்று சொல்வது? உன்னை ஊட்டி வளர்த்த கையைக் காட்ட உனக்குக் கூசுகிறதா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. எனக்கு அழுதால் பிடிக்காது, அழவைத்தவர்கள்மேல் இன்னும் கோபம் வரும். சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

வெகுநேரம் கழித்து அவளும் வந்தாள். கண் சிவந்திருந்தது. துண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"நாளைக்குச் சொல்லிடறேம்மா. ஒரு மணிக்கு வா. எல்லார் முன்னாடியும் சொல்றேன், சத்தியமா."

இத்தனைக்கும் பிறகு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். பெற்ற மனசு, வெட்கமே இல்லாமல் குளிர்ந்துபோனது. மறுநாள் ஆஸ்பத்திரி உடுப்பை மாற்றிக்கொண்டு, நல்ல துணி உடுத்தி, கையில் மருந்து நெடி போகிறவரை சோப்புப் போட்டுக் கழுவினேன். அதற்கு முன்னால் இரண்டு பேருக்கு ரத்தம் எடுக்கும்போதே நானே சிரித்துக்கொண்டிருந்தேன் போல. அதைப் பார்த்து அவர்கள் இன்னும் பயந்தார்கள்.

கேன்டீனில் அதே ஜன்னலோரம், அதே மூன்று பேர். எனக்காக ஒரு நாற்காலி காலியாக இருந்தது. நான் உட்கார்ந்ததும் என் மகள் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு என் தோளில் கை வைத்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இது எங்க அம்மா."

சொல்லிவிட்டாள். என் காதால் கேட்டேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நெட்டைக்காரிதான் முதலில் சிரித்தாள். "போடி! டாக்டர் வந்து ஃபர்ஸ்ட் இயர் படிக்கறாங்களாக்கும்? யார் காதுல பூ சுத்துற?"

"நிஜமாத்தான்..." என்றாள் என் மகள். அவள் குரல் இறங்கிவிட்டது.

"பாவம்டி அவங்க" என்றாள் கண்ணாடிக்காரி. என்மேல் அவளுக்கு உண்மையிலேயே இரக்கம். "பெரியவங்களை வெச்சு என்ன விளையாட்டு இது? ஆன்ட்டி, நீங்களே சொல்லுங்க. இவ சும்மாதானே சொல்றா?"

மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் என் மகளைப் பார்த்தேன். இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்க, அவள் சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. என் தோளிலிருந்த கை எப்போதோ போய்விட்டிருந்தது. என்னையே பார்த்தாள். காய்ச்சல் வந்த காலத்தில், கசப்பு மருந்தை எடுத்துக்கொண்டு நான் பக்கத்தில் போனால் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சுவாளே, அந்தப் பார்வை. அன்றைக்கெல்லாம் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றியிருக்கிறேன்.

"ஆமாம்மா" என்றேன். "சும்மா விளையாடறா."

தோழிகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை அவள் மெல்ல வெளியே விட்டது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் கேட்டது. பிறகு தன் தட்டிலிருந்ததில் பாதியை எடுத்து என் தட்டில் வைத்தாள். அவ்வளவு அன்பாக அவள் என்னோடு பேசிப் பல காலமாகியிருந்தது.

"சாப்பிடுங்க ஆன்ட்டி" என்றாள்.