அரை மணித்தியாலக் காவல்

முருகேசுவுக்கு வேதக்காரரில் கோபம் என்று ஊரில் சொல்வார்கள். அது சரியில்லை. அவருக்கு எல்லோரிலும் கோபம். மழை பிந்தினால் வானத்தில் கோபம், உலை பிந்தினால் பெண்சாதி சிவக்கொழுந்தில் கோபம். வேதக்காரருக்கென்று அவர் தனியாக ஒன்றும் ஒதுக்கி வைத்திருக்கவில்லை. ஆனால் மகள் நாகேஸ்வரி நடந்து போய்ப் படிக்கக்கூடிய தூரத்தில், அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திமூன்றாம் ஆண்டில், ஒரேயொரு பள்ளிக்கூடம்தான் இருந்தது. அது சாவகச்சேரிச் சந்தையிலிருந்து கிழக்கே இரண்டு கட்டை தள்ளி, மாதா கோயிலோடு ஒட்டிக் கிடந்த கிறிஸ்தவர்களின் வேதப் பள்ளிக்கூடம். அனுப்பவும் மனமில்லை, மறிக்கவும் மனமில்லை. கடைசியில் அனுப்பினார். பெட்டைக்குப் படிப்பு என்னத்துக்கு என்று கேட்டவர்களைக் கடித்துக் குதறினார்.

பெற்றோர் எழுத்தில் கேட்டால் பிள்ளையை ஞானோபதேசம் என்னும் வேதபாட வகுப்பில் இருத்தக் கூடாது என்று சட்டம் இருந்தது. சைவக் கோயில் அலுவல்களைப் பார்க்கும் தம்பிராசா கடிதத்தை எழுதிக் கொடுக்க, முருகேசு கையெழுத்து வைத்து முதல் நாளே அனுப்பிவிட்டார். அதன்படி காலை ஒன்பது மணிக்கு மணி அடித்ததும் சைவப் பிள்ளைகள் ஏழு பேரும் எழுந்து முற்றத்துப் பூவரசின் கீழே போய் இருப்பார்கள். உள்ளே செபமாலை என்னும் வாத்தியார், ஊர்வாயில் சட்டம்பியார், மற்றப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவார். ஒன்பதரைக்குத் திரும்ப மணி அடிக்கும்.

அந்த அரை மணித்தியாலம் முருகேசுவை நித்திரை கொள்ள விடவில்லை. கடிதம் பிள்ளையை வெளியே கொண்டுவரும், சரி. பிள்ளையின் காதை யார் பொத்துவது? ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் சொல்வதெல்லாம் இந்தப் பக்கம் கேட்குமே! யோசித்துப் பார்த்துவிட்டு மனிதன் தானே காவலுக்குப் புறப்பட்டார். விடியப்புறம் தோட்டத்துக்கு இறைத்து, குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு பூவரசடியில் வந்து குந்தினார். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் ஊர் சிரித்துவிட்டு விட்டிருக்கும். அவர் ஒவ்வொரு நாளும் வந்தார்.

வந்தவர் சும்மா இருந்தாரா? ஏழு பிள்ளைகளுக்கும் பதிகம் சொல்லிக் கொடுத்தார். சும்மா சொல்லக் கூடாது, குரல் என்றால் குரல். கோயிலில் அவர் பாடினால் வீதியில் போகிற மாடும் ஒரு கணம் நிற்கும். சட்டம்பியார் உள்ளே “ஆதியிலே” என்று தொடங்கும்போது முருகேசு வெளியே ஓங்கி எடுப்பார். உள்ளே இருக்கிற வேதப் பிள்ளைகள் வாய்க்குள்ளே பதிகத்தை முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். சட்டம்பியார் ஒரு நாள் வெளியே வந்து, கொஞ்சம் மெதுவாகப் பாடினால் புண்ணியமாய்ப் போகும் என்று கேட்டுப் பார்த்தார். கடவுளுக்குக் காது மந்தம் போலிருக்கிறது, அதனால்தான் உரத்துப் பாடுகிறேன் என்று முருகேசு சொன்னார். சட்டம்பியார் நல்ல மனிதர். தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

இவ்வளவு பாட்டையும் மனத்தில் வைத்திருக்கிற முருகேசுவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது என்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்பியிருக்கமாட்டார்கள். சிவக்கொழுந்து ஒருத்திக்குத்தான் அது தெரியும். பாட்டெல்லாம் சிறுவயதில் கோயிலில் காதால் பிடித்தது. கையெழுத்து? அது கையெழுத்தே அல்ல, படம். யாரோ எழுதிக் கொடுத்த தன் பெயரைப் பார்த்துப் பார்த்துக் கோலம் கீறுகிற மாதிரிக் கீறப் பழகியிருந்தார். யாராவது ஒரு கடதாசியை நீட்டினால் அவரிடம் ஒரு தந்திரம் இருந்தது. “நீ வாசி பாப்பம். பிழை விடுறியோ எண்டு நான் கேக்கிறன்” என்பார். வாசிக்கிறவன் பயந்து பயந்து வாசிப்பான். முருகேசு கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, பரவாயில்லை என்று தலையாட்டுவார். அவரைப் பெரிய படிப்பாளி என்று ஊர் நம்பியது இப்படித்தான்.

இந்தத் தந்திரமும் ஒரு முறை பலிக்கவில்லை. தமையன் நீட்டிய காணி உறுதிப் பத்திரத்தைத் தமையனே வாசித்துக் காட்ட, முருகேசு நம்பிப் பெயரைக் கீறிக் கொடுத்தார். வாசித்தது ஒன்று, எழுதியிருந்தது ஒன்று. தகப்பன் வெட்டிய கிணற்றில் அவருடைய பங்கு அன்றோடு போயிற்று; அதற்குப் பிறகு அயலான் கிணற்றில்தான் இறைப்பு. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. மகள் படிக்கத்தான் வேண்டும் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதற்கு இதுதான் காரணம்.

பூவரசுக்கு நேர் எதிரே ஒரு கிடுகுக் கொட்டில் இருந்தது. ஞானோபதேசம் விளங்காத அரிவரி வகுப்புச் சின்னன்களுக்கு அந்த அரை மணித்தியாலத்தில் மதலேனம்மா அங்கே எழுத்துச் சொல்லிக் கொடுப்பாள். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து வந்து சட்டம்பியார் வீட்டில் தங்கியிருந்த பெண்பிள்ளை, வயது இருபத்திரண்டு இருக்கும். கரும்பலகையில் ஒரு எழுத்தை எழுதுவாள். சின்னன்கள் அதைக் கத்திச் சொல்லிக்கொண்டு மணலில் விரலால் எழுதுவார்கள். முருகேசு அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், பதிகத்துக்கு நடுவே மூச்சு வாங்கிய நேரத்தில், அவருடைய கண் தற்செயலாகக் கரும்பலகையில் பட்டது. பட்ட கண் அங்கேயே நின்றுவிட்டது. அவருடைய கையெழுத்தின் தலைப்பக்கம், இருபது வருடமாக அவர் கீறிவருகிற அதே வளைவு, பலகையில் தனியாக நின்றது. சின்னன்கள் “மு” என்று கத்தினார்கள். முருகேசுவுக்கு உடம்பு புல்லரித்தது. தான் கீறுகிற படத்துக்குள்ளே சத்தம் இருக்கிறது என்று அந்த மனிதனுக்கு நாற்பத்தைந்து வயதில் அன்றைக்குத்தான் விளங்கியது.

அதற்குப் பிறகு முருகேசுவின் குரல் இறங்கத் தொடங்கியது. உரத்துப் பாடினால் அந்தப் பக்கத்து எழுத்து எப்படிக் கேட்கும்? தன் சொல்லுக்கு முருகேசு மதிப்புக் கொடுத்துவிட்டார் என்று சட்டம்பியாருக்குப் பெரிய சந்தோசம். இங்கே முருகேசு பிள்ளைகளைப் பாட விட்டுவிட்டு, சால்வையால் மறைத்துக்கொண்டு மணலில் விரலை ஓட்டினார். யாராவது திரும்பினால் குதிக்காலால் அழித்தார்.

ஒரு கிழமை போயிருக்கும். ஒரு நாள் காலை வந்து பார்த்தால் கரும்பலகையின் முகம் முற்றத்துப் பக்கம் திரும்பியிருந்தது. எழுத்தும் முன்னையதைவிட இரண்டு மடங்கு பெரிது. பாவம் சின்னன்கள், கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வேதக்காரிக்குப் பலகை வைக்கும் பக்கமும் தெரியவில்லை என்று முருகேசு மனத்துக்குள் ஏளனம் செய்தார். தனக்கு வாய்ப்பாய்ப் போயிற்று என்று ஒரு எழுத்தும் விடாமல் பிடித்துக்கொண்டார்.

தை பிறந்தது, மாசி போனது. சந்தைக்குப் போனால் முருகேசு கடைப் பலகைகளுக்கு முன்னால் நின்று வாய்க்குள் எதையோ மென்றார். சீயாக்காய்ப் பொட்டலம் சுற்றி வந்த கடதாசியைச் சிவக்கொழுந்து அடுப்புக்குள் போடப் போக, பறித்துக்கொண்டு போய் வேலியடியில் இருந்தார். அவளுக்கு விளங்காமல் இல்லை. ஒன்றும் கேட்காமல், அன்றைக்குத் தொடக்கம் எந்தக் கடதாசியையும் எரிக்காமல் மடித்து வைத்தாள்.

பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலைப் பூசை முடிந்ததும் தம்பிராசா கோயில் மண்டபத்தில் ஒரு கடதாசியோடு நின்றார். ஊருக்கு ஒரு சைவப் பள்ளிக்கூடம் வேண்டும் என்பது தம்பிராசாவின் நெடுநாள் ஆசை. நல்ல ஆசைதான், யாரும் குறை சொல்லமுடியாது. ஆனால் பக்கத்தில் ஒன்று நடக்கும்போது இன்னொன்றுக்கு உத்தரவு கிடையாது என்று அரசாங்க வித்தியாப் பகுதியில் சொல்லிவிட்டார்கள். எனவே இருப்பதை முதலில் மூட வைக்க வேண்டும். அதற்குத்தான் இந்த முறைப்பாட்டு மனு, இந்தப் பெட்டிசம். ஆறு பேர் ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே முருகேசுவுக்கென்று இடம் விட்டிருந்தது. ஒவ்வொரு நாளும் அங்கே போய் இருக்கிற மனிதனின் கையெழுத்துக்கு உள்ள மதிப்பு வேறு யாருடையதற்கு இருக்கிறது?

முருகேசு கடதாசியை வாங்கினார். நீ வாசி பாப்பம் என்று சொல்லப்போகிறார் என்று தம்பிராசா தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருந்தார். முருகேசு சொல்லவில்லை. கடதாசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். உதடு அசைந்தது. ஒரு எழுத்து, அதற்கடுத்த எழுத்து, இரண்டையும் கூட்டி ஒரு சொல். ஐயர் கதவு சாத்தப் போனவர் திரும்பிப் பார்த்தார். நின்றவர்கள் கால் மாறி நின்றார்கள். ஒருவன் கொட்டாவி விட்டான்.

நடுவில் ஓரிடத்தில் முருகேசுவின் விரல் நின்றுவிட்டது. “நா-கே-ஸ்-வ-ரி.” மகளின் பெயரை அவர் மையில் வாசிப்பது அதுதான் முதல் தரம். நெஞ்சு நிறைந்து கண் கலங்கியது. பிறகு அந்தப் பெயரைச் சுற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தட்டித் தடவி வாசித்தார். மதலேனம்மா என்னும் ஆசிரியை என் மகள் நாகேஸ்வரியின் திருநீற்றைப் பலவந்தமாக அழித்தாள் என்றும், முழங்காலில் இருத்திச் செபம் சொல்ல வைத்தாள் என்றும், அதை என் இரண்டு கண்ணாலும் கண்டதாகவும் முருகேசு ஆகிய நான் சொல்லிக்கொள்வது என்று எழுதியிருந்தது.

மண்டபத்துக் கல்லில் முருகேசு மெல்ல இருந்துவிட்டார். கிணற்றுப் பங்கு போன அன்றும் இப்படித்தான் யாரோ எழுதி வைத்து நீட்டினார்கள். அன்றைக்குத் தெரியவில்லை. இன்றைக்குத் தெரிகிறது. அதற்கு யார் காரணம்? திரும்பியிருந்த அந்தப் பலகை அவர் கண்ணுக்கு முன்னால் வந்தது. சின்னன்கள் கழுத்து நோக நோகத் திரும்பிப் பார்க்க, ஒரு பெண்பிள்ளை எத்தனையோ மாதமாகப் பலகையை யாருக்காக முற்றத்துப் பக்கம் வைத்திருந்தாள்? பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்த முருகேசுவுக்கு அது அப்போதுதான் ஓடி வெளித்தது. வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கமாய்க் கடதாசியைத் தம்பிராசாவிடம் திருப்பி நீட்டினார்.

“உதை நான் காணேல்லை, தம்பிராசா,” என்றார். “மணி அடிச்ச உடனை எங்கடை பிள்ளையள் வெளியிலை வந்திடுங்கள், அந்தப் பிள்ளை கொட்டிலுக்கை சின்னனுகளோடை நிக்கும். நான் ஒரு நாளும் தவறாமல் இருந்து பாத்தனான்.”

சைவத்துக்காக ஒரு சொல் கூடக்குறைய எழுதினால் பாவமில்லை என்றார் தம்பிராசா. முருகேசு அசையவில்லை. அதற்குமேல் தம்பிராசாவுக்கும் சூடேறிவிட்டது. இவ்வளவு காலமும் பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்டவருக்கு இன்றைக்கு என்ன புதிதாய் வாசிப்பு, சரியாய்த்தான் வாசித்தீரோ என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்.

அந்த இடத்தில் முருகேசு பேசாமல் எழுந்து போயிருக்கலாம். இருபது வருடம் காப்பாற்றிய மானம் காப்பாற்றப்பட்டிருக்கும். அவர் போகவில்லை.

“போன கார்த்திகை வரைக்கும் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது,” என்றார். “உங்களை வாசிக்கச் சொன்னதெல்லாம் அதுக்குத்தான். அந்த வேதப் பெட்டைதான் எனக்குப் படிப்பிச்சது. நான் கேக்கவுமில்லை, அது சொல்லவுமில்லை. சைவப் பள்ளிக்கூடம் கட்டுவம், நானும் மரம் தறிச்சுத் தாறன். ஆனால் அதுக்குப் பொய்யிலை அத்திவாரம் போட என்ரை பேர் வராது.”

யாரோ சிரிக்கப் போகிறார்கள் என்று முருகேசு காத்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஏற்கெனவே கையெழுத்து வைத்த ஏரம்பு கிட்ட வந்து, அந்தக் கடதாசியைத் தானும் ஒரு முறை பார்க்கலாமோ என்று கேட்டார். அவர் கேட்ட விதத்திலேயே, அவரும் வாசிக்காமல்தான் வைத்திருக்கிறார் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. தம்பிராசா கடதாசியை நாலாய் மடித்து மடிக்குள் செருகினார். அது பிறகு வெளியே வரவேயில்லை.

முருகேசு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர மணி அடித்து ஓய்ந்திருந்தது. பிள்ளைகள் பூவரசடியில் காத்துக்கொண்டு இருந்தார்கள். இன்றைக்கு நீ எடுத்துப் பாடு என்று நாகேஸ்வரிக்குச் சொல்லிவிட்டு, முற்றத்தைக் குறுக்கறுத்துக் கொட்டிலை நோக்கி நடந்தார். பத்தடி தூரம்தான். அந்தப் பத்தடியை நடக்க அவருக்கு ஐந்து மாதம் பிடித்தது. நெற்றித் திருநீறும் தோள் சால்வையுமாய் அவர் வாசலில் வந்து நிற்க, மதலேனம்மா சுண்ணக்கட்டியைக் கையில் பிடித்தபடி விறைத்துப் போனாள். ஏதோ சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்திருப்பாள்.

முருகேசு தொண்டையைச் செருமினார். நன்றி சொல்லிப் பழகாத வாய், எப்படி வரும்?

“பிள்ளை,” என்றார். “உந்தப் பலகையை அதுகளின்ரை பக்கம் திருப்பி விடும். பாவம், கழுத்து நோகும். நான் உள்ளுக்கு வந்து இருக்கிறன்.”

மதலேனம்மா சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள். பிறகு, “ஓம் ஐயா, வந்து இருங்கோ,” என்று சொல்லிப் பலகையைத் திருப்பினாள். அவள் கண்ணைத் துடைத்தது சுண்ணத் தூளுக்காகத்தான் என்று முருகேசு எண்ணிக்கொண்டார்.

பூவரசடியில் நாகேஸ்வரி எடுத்துப் பாடினாள். தகப்பனின் குரல் அப்படியே அவளிடம் இருந்தது. முருகேசு சின்னன்களுக்கு நடுவே சப்பாணி கட்டி இருந்து, பெட்டிசத்தில் தனக்குப் பிடிபடாமல் போன எழுத்து ஒன்றை நினைவில் கொண்டுவந்து மணலில் எழுதினார். பக்கத்தில் இருந்த ஐந்து வயதுப் பெட்டை ஒன்று எட்டி எட்டிப் பார்த்தது. ஊரையெல்லாம் வாசிக்க வைத்துப் பிழை பிடித்த மனிதன் அதனிடம் குனிந்தார்.

“பிழை கிடக்கோ எண்டு பாத்துச் சொல்லு மோனை.”

“ஓம் அப்பு, கிடக்கு,” என்றது அது.

முருகேசுவுக்குக் கோபம் வரவில்லை. உள்ளங்கையால் மணலைச் சமன் செய்துவிட்டு, முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்.