காசியம்மாளின் மீதி

1.

இது கதையாகத் தொடங்கவில்லை. தருமபுரியில் ஒரு மாலை வகுப்பில் கணினி நிரல் எழுதச் சொல்லித்தருகிறேன். மாறிகளின் வகைகளை விளக்க ஓர் உதாரணம் வேண்டியிருந்தது. வழக்கமாக வங்கிக் கணக்கைச் சொல்வார்கள். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். நல்லம்பள்ளிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கூட்டுக் கிணறு தெரியும் என்று அதை எடுத்துக்கொண்டேன். பலகையில் இரண்டு பங்காளிகளை வரைந்து பெயரும் வைத்தேன். பெயர் வைத்ததுதான் வினை. பலகையை அழித்த பிறகும் அவர்கள் போகவில்லை.

2.

‘ஆடிக் காற்றில் சாமந்திச் செடிகள் தலையாட்டிக்கொண்டிருந்த மதிய வேளையில் கலைமணி தன் மடிக்கணினியை—’

(வேண்டாம். தண்ணீர் காணாத செடி தலையாட்டாது. நேராகவே சொல்கிறேன்.)

கலைமணி பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவள். அவள் அப்பா தீர்த்தகிரி தக்காளி போட்டிருக்கிறார். பக்கத்து வயலில் சாமந்தி. அது சித்தி காசியம்மாளுடையது. அப்பாவின் தம்பியான சித்தப்பா லாரியோடு வடக்கே போனால் வரப் பல வாரம் ஆகும். இரண்டு வீட்டுக்கும் கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று. காலை முறை தீர்த்தகிரிக்கு, மதிய முறை காசியம்மாளுக்கு. நடுவில் மின்சாரம் போனால், ஓடாமல் போன நேரம் அந்தப் பங்காளியின் மீதி. தன் அடுத்த முறையில் அதையும் சேர்த்து ஓட்டிக்கொள்ளலாம். அந்தக் கிணற்றின் சட்டம் இது. யாருக்கு எவ்வளவு மீதி என்பதில்தான் எப்போதும் வாய்ச்சண்டை.

சண்டை ஓயட்டும் என்று கலைமணி ஒரு நிரல் எழுதினாள். மோட்டார்ப் பெட்டியில் ஒரு சிம் கார்டு. முறை வந்ததும் போன் கூப்பிடும், பங்காளி தன் வால்வைத் திறப்பார், நேரம் முடிந்ததும் மோட்டார் தானே நிற்கும்.

3.

அந்த நிரலில் ‘பங்காளி’ என்பது ஒரு வகுப்பு. வகுப்பை அச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அச்சில் வார்த்தெடுத்த பொருள்கள்தான் தீர்த்தகிரியும் காசியம்மாளும். மாறி என்பது ஒரு மதிப்பை வைக்கும் இடம். அதை எங்கே, எப்படி அறிவிக்கிறோமோ அதைப் பொறுத்து, அது யாருக்குச் சொந்தம், எவ்வளவு காலம் இருக்கும் என்பது முடிவாகிறது.

மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் வரும் நேரம் வகுப்பு மாறி. ஒரே பிரதி, எல்லோருக்கும் பொது. மின்வாரியம் மாற்றினால் எல்லோருக்கும் மாறும். இப்போது மோட்டார் எத்தனை நிமிடம் ஓடியிருக்கிறது என்று எண்ணுவது உள்மாறி. அந்த ஓட்டம் முடிந்ததும் அதுவும் இல்லாமல் போகும். மீதி? அது பொருள் மாறியாக இருக்க வேண்டும். ஆளுக்கொரு பிரதி.

[இந்த இடத்தைச் சொல்லும்போது வகுப்பில் எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.]

கலைமணி மீதியை வகுப்பு மாறியாக அறிவித்துவிட்டாள். ஒரு சொல் கூடுதல், அவ்வளவுதான். காசியம்மாளின் மீதி பொதுவில் போய் விழுந்தது. மறுநாள் காலை முதலில் வந்தவர் தீர்த்தகிரி. மோட்டார் அதையும் சேர்த்து அவர் தக்காளிக்கு ஓட்டிவிட்டு மீதியைச் சுழியமாக்கியது. ஆடிக் காற்று மதியத்துக்கு மேல்தான் கிளம்பும், கம்பிகள் உரசும், மின்சாரம் போகும். ஆகவே தடை விழுந்ததெல்லாம் சித்தியின் முறையில்.

4.

“கலை, வெளிய வா.”

காசியம்மாள் கையில் பிடுங்கிய சாமந்திச் செடி.

“என்ன சித்தி?”

“ஆயுத பூசைக்குப் பூக்க வேண்டிய செடி இது. பாரு, தொட்டா ஒடியுது. உங்கப்பாரு வயல்ல வரப்பு வரைக்கும் தண்ணி, தவள கத்துது.”

“மீதியும் சேத்துத்தானே சித்தி ஓடும்?”

“எங்க ஓடுது? போன்ல ஒருத்தி ‘உங்கள் முறை முடிந்தது, நன்றி’ங்கறா. மரியாதைக்கு மட்டும் கொறச்சலே இல்ல.”

கலைமணி மடிக்கணினியைத் திறந்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. காது சூடாகிவிட்டது.

“சித்தி... உங்க மீதியப் பொதுவுல வெச்சுட்டேன். தப்பு என்னுதுதான்.”

“எழுதி முடிச்சு ஓட்டிப் பாத்தேன்னியே?”

“பாத்தேன். சரியா ஓடுச்சு.”

“யாரப் போட்டு ஓட்டிப் பாத்த?”

“அப்பாவ.”

“அவர மட்டுமா?”

கலைமணி ஆமாம் என்று தலையசைத்தாள்.

“அப்ப சரியாத்தான் ஓடியிருக்கும்” என்றாள் காசியம்மாள்.

(சித்தி குத்திக்காட்டிப் பேசியது தொழில்நுட்பப்படியும் சரி. ஒரே ஒரு பொருளை வைத்துச் சோதித்தால் வகுப்பு மாறிக்கும் பொருள் மாறிக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டாவது ஆள் வந்தால்தான் பிழை தெரியும். சோதிக்க ஒரு பெயர் வேண்டும். கலைமணியின் கைக்கு வந்த பெயர் அப்பா. அதைச் சதி என்று என்னால் எழுத முடியவில்லை. தற்செயல் என்று எழுதவும் கை வரவில்லை.)

5.

இங்கே நிறுத்திவிட்டு முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். கலைமணிக்கு வேலை, நல்ல எண்ணம், சூடான காது எல்லாம் கொடுத்திருக்கிறேன். காசியம்மாளுக்குக் கொடுத்தது ஒரு செடியும் கோபமும்தான். நானும் ஒருத்தியை மட்டும் வைத்தே கதையை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஆகவே, விட்டுப்போனவை:

நிரல் வந்த புதிதில் டீக்கடை குப்புராஜ், “பொண்ணு எழுதுனா அப்பன் வயலுக்குத்தான பாயும்” என்று சிரித்தான். “எங்க கலையப் பத்திப் பேசாத” என்று சொல்லிவிட்டு, வைத்த டீயைக் குடிக்காமல் வந்தவள் காசியம்மாள். தனியாக ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொள்ளலாம் என்று புருஷன் போனில் சொன்னபோதெல்லாம் வேண்டாம் என்றவளும் அவள்தான். இந்தப் பூ போனால் இனி அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. கிணறு பிரிந்தால் வீடும் பிரிந்துவிடும்.

6.

நிரலைத் திருத்துவது சுலபம். அந்த ஒரு சொல்லை எடுத்தால் போதும். ஆனால் திருத்தம் நாளைக்குத்தான் உதவும். பாய்ந்த தண்ணீர் திரும்பி வராது. தீர்த்தகிரியின் முறையிலிருந்து எடுத்தால்தான் உண்டு.

முடிவு அ: கலைமணி யாருக்கும் சொல்லாமல் அப்பாவின் நேரத்தைக் குறைத்துச் சித்தியின் மீதியில் சேர்க்கிறாள். (அடித்துவிட்டேன். இதுவும் கேட்காமல் செய்ததுதானே.)

முடிவு ஆ: அன்று மாலை வானம் இருண்டு, பெருமழை— (வெட்கமாக இருக்கிறது.)

முடிவு இ: கலைமணி மடிக்கணினியைச் சித்தியின் பக்கம் திருப்பினாள்.

“உங்க மீதிய நீங்களே போடுங்க சித்தி. எவ்வளவு வேணுமோ போடுங்க.”

“நான் போட்டா நாளைக்கு உங்கப்பாரு செடியப் புடுங்கிட்டு வருவாரு. அவரக் கூப்புடு.”

தீர்த்தகிரி காலில் சேறோடு வந்தார். நடந்ததைக் கேட்டார்.

“என் தக்காளி காய் புடிக்கற நேரம்மா. மிஷினு பண்ணதுக்கு நான் என்ன பண்ணட்டும்?”

“மிஷினு இல்லப்பா, நான் பண்ணது.”

“மாமா” என்றாள் காசியம்மாள், தீர்த்தகிரியைப் பார்த்து. குரலை உயர்த்தவில்லை. “தெனம் காலைல மோட்டாரு கூட நேரம் ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?”

திரையில் மீதி என்ற இடம் காலியாக இருக்கிறது. மும்முனை மின்சாரம் இன்னும் வரவில்லை, அவகாசம் இருக்கிறது. தீர்த்தகிரி வாயைத் திறக்கிறார்.

அவருக்காக நான் எழுதிய பதில்களையெல்லாம் அடித்துவிட்டேன். எல்லாமே அவருக்கு வசதியாக இருந்தன. நீங்கள் எழுதுங்கள். எழுதியதைச் சத்தமாகப் படியுங்கள், கையில் அந்தச் செடியோடு காசியம்மாள் எதிரே நிற்கிறாள்.