தைப்பிங் மழைக்கு ஒரு மேசை

விருந்து என்றால் முதலில் கருப்பொருள், பிறகு நிறம், பிறகு உணவு, கடைசியில் பானம். ஈப்போவில் செவ்வாய், வியாழன் மாலைகளில் நான் போகும் வீட்டு விருந்து வகுப்பில் இந்த வரிசையைத்தான் சொல்லித் தந்தார்கள். யாரும் சொல்லாமலே விருந்தினர் ஒரு நிமிடத்துக்குள் கருப்பொருளைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. பல் கிளினிக்கில் பகலெல்லாம் பெயர் பதிகிற எனக்கு இதெல்லாம் வருமா என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை. அதனால் எதையும் விடாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன்.

சென்ற சனிக்கிழமை சிவாஜினியின் பெற்றோர் முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவளும் என் அண்ணன் ஐவனும் இரண்டு வருடமாகப் பழகுகிறார்கள். அவளுடையது தைப்பிங்கில் இருக்கும் யாழ்ப்பாண வழிச் சைவக் குடும்பம். நாங்கள் ஆயர் தாவார் பக்க ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த கிறிஸ்தவர்கள். வந்து பார்த்துவிட்டுத்தான் கல்யாணப் பேச்சுக்குப் பதில் சொல்வோம் என்று அவள் பெற்றோர் சொல்லியிருந்தார்கள்.

சிவாஜினியின் அப்பா ஞானசேகரம் வடிகால் இலாகாவில் முப்பது வருடம் மழை அளந்தவர். எனவே தைப்பிங் மழைதான் கருப்பொருள் என்று முடிவு செய்தேன். நிறம் சாம்பலும் நீலமும். கூரையிலிருந்து நூல் நூலாகக் கண்ணாடி மணிகள், நடுவே காகிதக் குடைகள். மழைக்கு ஏற்ற சூடான மசால் வடை, காகிதக் கூம்பில் வறுத்த கடலை, இஞ்சி டீ. கடைசியாகச் சங்குப்பூ ஊறிய நீலத் தண்ணீர். எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா மேசையைச் சுற்றி வந்தார்.

"அழகாத்தான் இருக்கு லா, பெர்னடெட். ஆனா அவங்க ஒன்னும் தொட மாட்டாங்களே."

"ஏன்ம்மா? எல்லாம் சைவம்தானே?"

"பேச்சு முடியாம பொண்ணு வீட்டுக்காரங்க மாப்ள வீட்ல கை நனைக்க மாட்டாங்க. தண்ணி குடிச்சாக்கூட சம்மதம்னு ஆயிடும். இத ஒங் கிளாஸ்ல சொல்லித் தரலியா?"

அப்பா ஒரு வடையை எடுத்துக்கொண்டார். "நான் சாப்பிடுறேன். எனக்குச் சம்மதம்."

குறிப்பேட்டில் பதினோரு பக்கம் எழுதியிருந்தேன். சாப்பிடாத விருந்தினரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் நாலு மணிக்கு, நல்ல வெயிலில் வந்தார்கள். ஞானசேகரம் அங்கிள் வாசலிலேயே நின்று மேலே பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினேழு வினாடி.

"மழையோ?"

"ஆமா அங்கிள். தைப்பிங் மழை."

"தைப்பிங் மழை இப்பிடி நேராய் விழாது பிள்ளை. மலைக்காத்து தள்ளும். கொஞ்சம் சரிக்க வேணும்."

சொல்லிவிட்டு நாற்காலியில் ஏறி நூல்களை ஜன்னல் பக்கம் இழுத்துக் கட்ட ஆரம்பித்தார். ஐவன் வியர்த்துப்போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தோட்டத்தில மழைக்கு என்ன செய்வினம்?" என்று மேலிருந்தே அப்பாவைக் கேட்டார்.

"மரம் நனைஞ்சா பால்வெட்டு இல்லீங்க. விடிகாலைல எந்திரிச்சு, மரத்தத் தொட்டுத் தொட்டுப் பாப்போம்."

"தொட்டா? அளவில்லையோ?"

"கைதாங்க அளவு."

அதை அப்பாவை இரண்டு முறை விளக்கச் சொல்லி அங்கிள் கேட்டுக்கொண்டார்.

சிவாஜினியின் அம்மா தவமணி ஆன்ட்டி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அம்மா டீ நீட்டியபோது, "இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்" என்றார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அவரிடம் எலுமிச்சைத் துண்டைக் கொடுத்து, நீலத் தண்ணீரில் பிழியச் சொன்னேன். அது ஊதாவானது. கைப்பையைத் தரையில் வைத்தார்.

"இன்னும் விட்டால்?"

"தெரியலியே ஆன்ட்டி. நான் ஒரு துண்டுதான் விட்டுப் பாத்தேன்."

"இஞ்சேருங்கோ, இறங்கி வந்து பாருங்கோ! ரோசாப்பூ நிறமாய் வருது!"

நீலத்திலிருந்து இளஞ்சிவப்பு வரை ஆறு கிளாஸ்களைக் கணவனும் மனைவியுமாக வரிசைப்படுத்தினார்கள். ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

ஐந்தரைக்கு எழுந்தார்கள். பதில் எதுவும் சொல்லவில்லை. ஐவன் என் முகத்தையே பார்க்கவில்லை. நானும் என் குடைகளும் சேர்ந்து காரியத்தைக் கெடுத்துவிட்டோம் என்றே நினைத்தேன். செருப்பை மாட்டும்போது ஆன்ட்டி திரும்பினார்.

"பிள்ளை, அந்த வடையைக் கொஞ்சம் புங்குஸ் பண்ணிக் கட்டித் தாறியோ? வீணாய்ப் போயிடும். தண்ணியும் ஒரு போத்தல். எலுமிச்சை தனியா."

கார் போனதும் வீட்டில் வழக்கு ஆரம்பித்தது.

"புங்குஸ் எல்லாம் கணக்கில்ல லா. இங்க உக்காந்து சாப்பிட்டாத்தான்," என்றார் அம்மா.

"நம்ம வீட்டு வடைய எங்க வச்சுத் தின்னா என்ன, ரோசம்மா?" என்று அப்பா அம்மாவைக் கேட்டார்.

"ரெண்டு பேரும் சும்மா இருக்கீங்களா?" ஐவன் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

முக்கால் மணி நேரத்தில் சிவாஜினி அழைத்தாள். ஐவன் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான். அவளுடைய அப்பாவும் அம்மாவும் சுங்கை பேராக் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் காரை நிறுத்தியிருக்கிறார்களாம். வடை முடிந்துவிட்டது. எலுமிச்சை கூடிவிட்டதென்று அப்பாவும் போதாதென்று அம்மாவும் சண்டை போட்டுக்கொண்டே தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டார்களாம்.

"அப்புறம் பெர்னடெட்கிட்ட ஒன்னு கேக்கச் சொன்னாங்க," என்றாள். "கல்யாணத்துக்கும் மழையேதானா, இல்ல வேற ஏதாச்சும் வச்சிருக்காளான்னு."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எத்தன பேரு வருவாங்க?" என்று மட்டும் கேட்டேன்.